பாலாற்றுத் தோலும் ஊர்தி இருக்கையும்: தரமான பொருளைத் தேர்ந்தெடுக்கும் முறை

கோலார் தங்கவயலில் நவீன முறையில் தங்கம் எடுக்கும் பணி 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனத்தால் தொடங்கப்பெற்றது. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. 1956-இல் சுரங்கங்கள் மைசூர் அரசின் உடைமையாயின. 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் என்னும் மத்திய அரசு நிறுவனம் உருவாயிற்று. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. சாம்பியன் ரீப், மைசூர் மைன்ஸ், நந்தி துர்க்கம், ஊரிகம் எனச் சுரங்கத்தின் பெயரையே ஊரின் பெயராகக் கொண்டு வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் வேறு பிழைப்பைத் தேட வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து மாரிக்குப்பம் நிலையத்தில் விடியற்காலை வண்டி ஏறிப் பெங்களூர் சென்று இரவில் திரும்புவோர் ஆயிரக்கணக்கானோர்.

இவ்வூரிலேயே இருந்து செய்யக்கூடிய சிறு தொழில்கள் எவை என்னும் கேள்வி அலுவலர்கள் முன் அடிக்கடி எழுகின்றது. அவற்றுள் ஒன்று, கார், வேன் முதலிய ஊர்திகளின் பழைய இருக்கை உறைகளை நீக்கிப் புதிதாகத் தைத்துக் கொடுக்கும் குஷன் தொழிலாகும். இதற்குப் பெரிய இயந்திரங்கள் தேவையில்லை. சந்தையான பெங்களூர் சுமார் 100 கிலோ மீட்டர் தொலைவில் உள்ளது. மூலப்பொருளான தோல், கீழே பாலாற்றங்கரையில் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் பதனிடப்படுகின்றது. எனினும், இத்தொழிலில் இலாபமும் நட்டமும் தையலைவிடப் பொருள் தேர்விலேயே பெரும்பாலும் அடங்கியுள்ளன. அத்தேர்வின் நெறிகளை இக்கட்டுரை விளக்குகின்றது.

தோல் தொழிலின் பின்னணி

தென்னாட்டில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிடுதல் நெடுங்காலமாக நடந்துவருகின்றது. இவ்வாறு பதனிட்ட தோல் ‘கிழக்கிந்தியத் தோல்’ என்ற பெயரில் ஐரோப்பாவுக்குச் சென்றது. குரோமிய உப்புகளால் பதனிடும் முறையை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் பரப்ப முயன்றவர் ஆல்பிரட் சாட்டர்டன். அவரே பின்னர் மைசூர் அரசின் தொழில் துறைக்கும் இயக்குநராக இருந்தார். 1948-இல் சென்னை அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. சீதாராமையா குழுவின் 1972-ஆம் ஆண்டு பரிந்துரைகளைத் தொடர்ந்து, பதனிடாத தோலின் ஏற்றுமதி தடுக்கப்பட்டது. முழுமையாக முடித்த தோலும் தோற்பொருள்களும் ஊக்குவிக்கப்பட்டன. மதிப்பைக் கூட்டும் வேலை உள்நாட்டிலேயே நடைபெற வேண்டும் என்பதே அக்கொள்கையின் சாரம். இருக்கை தைக்கும் சிறு பட்டறை அக்கொள்கையின் கடைசிக் கண்ணி எனலாம்.

பதனிடும் முறையும் பயனும்

ஊர்தியின் உட்புறம் வீட்டின் கூடத்தைப் போன்றதன்று. கண்ணாடிகள் அடைக்கப்பட்டு வெயிலில் நிற்கும் காரின் உட்பரப்பு 60 பாகை செல்சியஸுக்கு மேலும் சூடாகும். அதனுடன் வியர்வையின் ஈரமும் சேர்கின்றது. பட்டையால் பதனிட்ட தோல், ஈரத்தில் ஏறத்தாழ 70 முதல் 85 பாகை வெப்பத்தில் சுருங்கத் தொடங்கும். வெயில் பட்டால் நிறமும் கருக்கும். குரோம் தோல் 100 பாகை வரையிலும் தாங்கவல்லது, மென்மையும் உடையது. ஆகவே பைகள், இடைவார், சேணம் ஆகியவற்றிற்குச் சிறந்ததான பட்டைத் தோல், கார் இருக்கைக்கு ஏற்றதன்று. குரோமியம் கலவாமல் ஆல்டிஹைடு வகை இரசாயனங்களால் பதனிடப்படும் வெண்ணிறத் தோலும் உலகக் கார் தொழிலில் பெருமளவு பயன்படுகின்றது.

குரோம் தோலில் ஒரு எச்சரிக்கை உண்டு. பதனிடப் பயன்படுவது மூவிணைதிறக் குரோமியமாகும். தவறான செய்முறையால் அது ஆறிணைதிறக் குரோமியமாக மாறினால் தோலுக்கு ஒவ்வாமை விளைக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே முதல், உடலில் படும் தோற்பொருள்களில் இது கிலோவுக்கு 3 மில்லி கிராம் அளவைத் தொடக்கூடாதென விதித்துள்ளது.

தோலின் பகுதிகள்

ஒரே தோலிலும் எல்லா இடமும் ஒரே தன்மையுடையதன்று. முதுகின் பின்பகுதியும் பிட்டமும் இழைகள் நெருக்கமாக அமைந்தவை; இழுத்தால் அதிகம் நீளாதவை. கழுத்தில் மடிப்புக் கோடுகள் மிகுதி. வயிறும் கால்களைச் சார்ந்த ஓரங்களும் தளர்ந்தவை. ஆகவே அமரும் பரப்பும் சாயும் பரப்பும் முதுகுப் பகுதியிலிருந்தே வெட்டப்பட வேண்டும். இருக்கையின் பின்புறம், அடிப்பக்கம், கதவுப் பலகை ஆகியவற்றிற்கு வயிற்றுப் பகுதி போதும். எல்லாவற்றையும் ஒன்றுபோல் வெட்டினால் ஓராண்டிற்குள் ஓட்டுநர் இருக்கை தொங்கிச் சுருக்கம் விழும்.

தடிப்பாக உள்ள தோலைக் கிடையாகப் பிளந்தால் இரு அடுக்குகள் கிடைக்கும். மயிர் இருந்த மேல் அடுக்கே வலிமையுடையது. கீழ் அடுக்கின்மேல் சாயப் படலம் ஏற்றி, மேல் தோலைப் போல அச்சுப் பதித்தும் விற்கின்றனர். அதுவும் தோலே, எனினும் எளிதில் கிழியக்கூடியது. இருக்கைக்கு வேண்டிய தடிப்பு பொதுவாக 0.9 முதல் 1.4 மில்லி மீட்டர் வரையாகும்.

நம் நாட்டுத் தோலில் குறைகள் மிகுதியாக இருப்பதற்குக் கால்நடை வளர்ப்பு முறையே காரணம். சூட்டுக் குறி, நுகத்தடித் தழும்பு, தார்க்குச்சிக் குத்து, உண்ணிக் கடி, முள் கீறல், உரிக்கும்போது விழும் கத்தி வெட்டு என்பன அவை. இவற்றை மறைக்க மேற்பரப்பைத் தேய்த்துக் கனமான படலம் பூசுகின்றனர். மிதமான படலம் அழுக்கையும் தேய்வையும் தாங்க உதவும். மிகைப் படலம் வெடித்து உரியும்.

கடையில் செய்யக்கூடிய சோதனைகள்

ஆய்வுக்கூட வசதி இல்லாத தொழிலாளியும் சில எளிய சோதனைகளால் தோலை மதிப்பிடலாம்.

1. மேற்பரப்பு உட்புறமாக வருமாறு தோலை மெல்ல மடிக்க வேண்டும். நுண்ணிய சுருக்கங்கள் தோன்றினால் நல்ல தோல். பெரிய, உப்பிய சுருக்கங்கள் தோன்றினால் மேல் அடுக்கு தளர்ந்துள்ளது எனக் கொள்ளலாம்.

2. மேற்பரப்பு வெளிப்புறமாக வருமாறு நன்கு மடித்து, விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். படலம் வெடித்தால் அத்தோலை வாங்கலாகாது.

3. வெள்ளைத் துணியை நனைத்துப் பலமுறை அழுத்தித் தேய்க்க வேண்டும். நிறம் ஒட்டினால், நாளை அது அமர்பவரின் வேட்டியிலும் ஒட்டும்.

4. விளிம்பை உற்றுநோக்க வேண்டும். இழைகளுக்கிடையே சாயம் ஊடுருவியிருத்தல் நலம். மேலே மட்டும் நிறமிருந்தால், சிறு கீறலும் வெளிறித் தெரியும்.

5. இரு கைகளாலும் நீளவாட்டத்திலும் குறுக்குவாட்டத்திலும் இழுத்துவிட வேண்டும். பழைய நிலைக்குத் திரும்பாத தோல் இருக்கையிலும் திரும்பாது.

பேருந்து நிறுவனம், அரசுத் துறை போன்ற பெரிய வாடிக்கையாளருக்கு இவை போதா. இழுவலிமை, கிழிவலிமை போன்ற இயற்பியல் சோதனைகளுக்கு ஐ.எஸ். 5914, இரசாயனச் சோதனைகளுக்கு ஐ.எஸ். 582 ஆகிய இந்தியத் தர நெறிகள் உள்ளன. ஊர்தியின் உட்பொருள்கள் தீப்பற்றிப் பரவும் வேகம் குறித்து ஐ.எஸ். 15061 உள்ளது. அமெரிக்காவின் 302-ஆம் எண் பாதுகாப்பு நெறி, தீ பரவும் வேகம் நிமிடத்திற்கு 102 மில்லி மீட்டரைத் தாண்டலாகாது என்கின்றது. ஒப்பந்தப் புள்ளி கோரும் அலுவலர் ‘நல்ல தரமான தோல்’ என்று மட்டும் எழுதாமல், இந்நெறி எண்களைக் குறிப்பிடுதல் வேண்டும்.

விலைக் கணக்கு

தோல் சதுர அடிக் கணக்கில் விற்கப்படுகின்றது. துணியைப்போல் நேரான ஓரம் இல்லாமையாலும் குறைகளைத் தவிர்த்து வெட்ட வேண்டியிருப்பதாலும் கழிவு தவிர்க்க முடியாதது. புரிந்துகொள்வதற்காக ஒரு கற்பனைக் கணக்கைக் காண்போம். ஒரு காருக்கு வெட்டிய நிலையில் 90 சதுர அடி தேவை எனக் கொள்வோம். முதல் தரத் தோலில் கழிவு 25 விழுக்காடு. விலை சதுர அடி 120 ரூபாய். வாங்க வேண்டியது 120 சதுர அடி; செலவு 14,400 ரூபாய். தாழ்ந்த தரத் தோலின் விலை 100 ரூபாயே. ஆனால் கழிவு 40 விழுக்காடு. வாங்க வேண்டியது 150 சதுர அடி. செலவு 15,000 ரூபாய். மலிவான தோல் 600 ரூபாய் கூடுதலாகச் செலவு வைக்கின்றது. குறைகளைத் தேடித் தேடி வெட்டும் நேரம் இதில் சேரவில்லை. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, சதுர அடி என்ன விலை என்பதன்று. வெட்டிய சதுர அடி என்ன விலை விழும் என்பதேயாகும்.

ஒரு வண்டிக்கான தோல் முழுவதையும் ஒரே சாயத் தொகுதியிலிருந்து வாங்குதல் வேண்டும். பின்னர் வாங்கும் தோலின் நிறம் பொருந்துவது அரிது.

தோலல்லாத பொருள்கள்

எல்லா வண்டிக்கும் தோல் வேண்டியதில்லை. வாடகைக் காருக்கும் பள்ளி வேனுக்கும் ‘ரெக்சின்’ எனப் பொதுவாக அழைக்கப்படும், பி.வி.சி. பூசிய துணியே சிக்கனமானது. அதனை ஈரத் துணியால் துடைத்துவிடலாம். எனினும் அதில் காற்றோட்டம் இல்லை. நெகிழ்விக்கும் எண்ணெய்ப் பொருள் வெப்பத்தால் வெளியேறும்போது விறைத்து வெடிக்கும். பின்துணி பின்னல் வகையாயின் வளைவுகளில் நன்கு படியும். நெசவு வகையாயின் அவ்வளவு இழுபடாது. முன்பகுதியில் தோலும், பக்கங்களிலும் பின்புறத்திலும் ரெக்சினும் வைத்துத் தைப்பது பலருக்கும் கட்டுப்படியாகும் நடுவழியாகும். அதனை வாடிக்கையாளரிடம் வெளிப்படையாகச் சொல்லிச் செய்தலே முறை.

நூலும் முக்கியமானது. பருத்தி நூல் வியர்வையில் இற்றுப்போகும். நைலான் அல்லது பாலியஸ்டர் நூலே வேண்டும். தையல் மிக நெருங்கினால் அஞ்சல் தலையின் ஓரத்துளைகளைப்போலத் தோல் அவ்வழியே கிழியும். அங்குலத்திற்கு 6 முதல் 8 தையல் போதுமானது. அடியிலுள்ள நுரைப் பஞ்சு அமுங்கிப்போயிருந்தால் எவ்வளவு உயர்ந்த தோலும் சுருங்கியே தோன்றும். முதலில் அதனை மாற்றுதல் வேண்டும்.

உயிர்க்காப்புத் தொடர்பான ஒரு விதியை மறத்தலாகாது. பல புதிய கார்களில் இருக்கையின் பக்கவாட்டிலேயே காற்றுப்பை பொருத்தப்பட்டுள்ளது. விபத்தின்போது அது குறிப்பிட்ட தையலைப் பிளந்துகொண்டு வெளிவர வேண்டும். அங்கு வலிமையான நூலால் தைப்பதோ உறையால் மூடுவதோ உயிருக்கு ஊறு விளைக்கும். அத்தகைய இருக்கையைத் தயாரிப்பாளர் வகுத்த முறைப்படியன்றித் தொடலாகாது.

ஆறு சொல்லும் கணக்கு

தோலின் விலையில் சேராத செலவு ஒன்றும் உண்டு. நந்தி மலைப் பகுதியில் தோன்றும் பாலாறு பேத்தமங்கலம் வழியாகச் செல்கின்றது. அங்குள்ள ஏரியின் நீரே தங்கவயலின் தாகத்தைத் தணித்தது. அதே ஆறு கீழிறங்கி வாணியம்பாடியையும் ஆம்பூரையும் அடையும்போது, தோல் கழிவால் நிலமும் கிணறும் உவர்ப்பேறின. 1996 ஆகஸ்ட் 28-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம், மாசு விளைப்பவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்னும் நெறியை நம் சட்டத்தின் பகுதியாக ஏற்றுத் தீர்ப்பளித்தது. கழிவுநீரைச் சுத்திகரிக்கப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேர்ந்து கட்டணம் செலுத்தும் ஆலையின் தோல், அவ்வாறு செய்யாததன் தோலைவிடச் சற்று விலை கூடியிருத்தல் இயல்பு. தங்கவயலின் முன்னோர் பலர் வட ஆர்க்காட்டிலிருந்து வந்தவர்கள். ரசீதில்லாத மலிவுத் தோலை வாங்குவது அவர்தம் சொந்த ஊரின் கிணற்றுக்கே கேடு தேடுவதாகும்.

செய்ய வேண்டுவன

சிறு பட்டறையினர் தனித்தனியே சென்று நாலைந்து தோல் வாங்கும்போது நல்ல தொகுதி அவர்களுக்குக் கிட்டுவதில்லை. சிலர் குழுவாகச் சேர்ந்து வாங்கினால் தரம் பார்த்துப் பொறுக்கும் உரிமை வரும். 2008-இல் தொடங்கப்பட்ட பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம் போன்றவற்றில் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் அலுவலர், தையல் இயந்திரத்தின் விலையை மட்டும் நோக்காமல், மூலப்பொருள் வாங்கும் நடைமுறை மூலதனத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். தையல் பயிற்சியோடு தோல் தரம் பிரிக்கும் பயிற்சியும் இணைதல் இன்றியமையாதது.

மைசூர் மைன்ஸில் பாறையைத் தட்டிப் பார்த்தே அதன் உறுதியைக் கணித்த தொழிலாளர் இருந்தனர். பொருளைக் கையால் அறியும் அத்திறன் அவர்களின் மக்களுக்கு அயலானதன்று. தோலை மடித்தும் இழுத்தும் அறிய அவர்களுக்குக் கற்பித்தால், விடியற்கால வண்டியைப் பிடிக்க வேண்டாத சில குடும்பங்களேனும் அவ்வூரில் உருவாகும்.