மடக்கும் தசையும் நீட்டும் தசையும்

கையின் வலிமையைக் காட்டுமாறு கேட்டால், பெரும்பாலோர் முழங்கையை மடக்கி, மேற்கையின் முன்புறம் திரளும் தசையையே காட்டுவர். அதுவே பைசெப்ஸ் எனப்படும் இருதலைத் தசை. மேற்கையின் பின்புறம் அமைந்த டிரைசெப்ஸ் எனப்படும் முத்தலைத் தசையை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆயினும், படுக்கையிலிருந்து எழ முயலும் நோயாளிக்குப் பெரிதும் துணைநிற்பது அப்பின்புறத் தசையே.

தசைக்குச் சுருங்கி இழுக்க மட்டுமே இயலும், தள்ள இயலாது. ஆகவே கையை மடக்க ஒரு தசையும் நீட்ட மற்றொரு தசையும் தேவைப்படுகின்றன. ஒன்று சுருங்கும்போது எதிர்த்தசை தளருமாறு நரம்பு மண்டலம் ஏவுகிறது. இவ்வொழுங்கை ஆராய்ந்து விளக்கிய சார்லஸ் ஷெரிங்டன், நரம்பணுக்கள் பற்றிய ஆய்வுகளுக்காக 1932ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார்.

கிணற்றில் நீர் இறைத்தல், பை தூக்குதல், குழந்தையை ஏந்துதல் ஆகியவை மடக்கும் தசைக்கு வேலை தருபவை. கார்த்திகைத் தீபத் திருவிழாவின் 7ஆம் நாள் தேர் வடம் பிடிப்பதிலும் அத்தசைக்குப் பங்குண்டு. நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி எழுவதும், வாக்கரில் எடையைத் தாங்கி நடப்பதும், தடுமாறும்போது சுவரில் கையூன்றுவதும் நீட்டும் தசையின் பணிகள். அது மெலிந்தால் எழுவதற்கும் பிறர் கையை நாட நேரும்.

நம் அண்டை மாவட்டமான வேலூரைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம், 2014ஆம் ஆண்டு கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். பளுதூக்கும் போட்டியில் எடை தலைக்கு மேல் சென்றால் மட்டும் போதாது. முழங்கைகள் முழுமையாக நீண்டு நிற்றல் வேண்டும். அந்நிலையைக் காப்பது முத்தலைத் தசை.

சமநிலை என்பது இரு தசைகளுக்கும் ஒரே எடையைத் தருவதன்று. பொதுவாக மடக்கும் விசை நீட்டும் விசையினும் சற்று மிகுதி. எனவே எடையை ஒப்பிடாமல், இரு தசைகளுக்கும் பயிற்சியைச் சம அளவில் தருதல் வேண்டும்.

வீட்டில் செய்யத்தக்கவை:

1. மடக்குதல்: அமர்ந்தபடி, 1 லிட்டர் நீர் நிறைந்த பாட்டிலைப் பிடித்து முழங்கையை மெல்ல மடக்கி, மெல்ல இறக்குக. கடினமாயின் அரை லிட்டரில் தொடங்குக.

2. நீட்டுதல்: சுவரிலிருந்து ஒரு கை நீளத்தில் நின்று, உள்ளங்கைகளைத் தோள் உயரத்தில் பதித்து, முழங்கைகளை மடக்கிச் சுவரை நெருங்கி, மீண்டும் கைகளை நீட்டுக. தள்ளாட்டம் உள்ளவர் அருகில் ஒருவர் நிற்றல் நலம்.

ஒவ்வொன்றையும் 10 முறை வீதம் இரு சுற்றுகள், வாரத்தில் 2 அல்லது 3 நாள்கள், இடையில் ஒருநாள் ஓய்வுடன் செய்யலாம். மூச்சை அடக்குதல் கூடாது; அடக்கினால் இரத்த அழுத்தம் உயரும். விசை செலுத்தும்போது மூச்சை வெளிவிடுக. நெஞ்சுவலி, தலைச்சுற்றல், மூட்டில் கூரிய வலி தோன்றின் உடனே நிறுத்துக. நெஞ்சுவலிக்குத் தாமதமின்றி மருத்துவ உதவி நாடுக.

நெஞ்செலும்பைத் திறந்து இதய அறுவை செய்துகொண்டோர், மருத்துவர் இசைவு தரும்வரை இவற்றைச் செய்யலாகாது. கையூன்றி எழுவது குறித்தும் அவரிடம் கேட்டறிக. டயாலிசிஸுக்கென இரத்தக்குழாய் இணைக்கப்பட்ட கையில் எடை தூக்குமுன் மருத்துவரைக் கேட்பது இன்றியமையாதது. பக்கவாதத்திற்குப் பின் மடக்கும் தசைகள் இறுகிக் கை மடங்கியே நிற்பதுண்டு. அத்தகையோர் இயன்முறை மருத்துவரின் வழிகாட்டலின்றித் தொடங்க வேண்டா.

உடனிருந்து பேணுவோருக்கு ஒரு சொல்: நோயாளியைக் கையைப் பிடித்து இழுத்து எழுப்பாதீர்கள்; தோள்மூட்டு ஊறுபடக்கூடும். மருத்துவர் தடைசெய்யாதவிடத்து, கைப்பிடியுள்ள உறுதியான நாற்காலியைத் தந்து, அவரே ஊன்றி எழக் காத்திருங்கள். நேரம் சற்றுக் கூடும். ஆயினும் ஒவ்வொரு முறை எழுவதும் அவருக்கு ஒரு பயிற்சியாகும்.