எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரே முடிவா? டிராகன் ஏஜ் 2 தரும் பாடம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் கார் ரேஸ் ஆடுவார்கள். பிறகு துப்பாக்கிச் சண்டை. சில மாதங்களில் அதுவும் சலித்து, "கதையோடு ஒரு கேம் இருந்தால் சொல்லுங்களேன்" என்று கேட்பார்கள். அவர்களுக்கு ஏற்றவை ரோல் பிளேயிங் கேம்கள். இந்த வகை கேமில் ஒரு கேரக்டரை உருவாக்கி, நீங்களே அந்தக் கேரக்டராகப் பேசி, சண்டையிட்டு, முடிவெடுத்து ஆட வேண்டும். உங்களுக்குத் தரப்படும் ஒவ்வொரு வேலையையும் குவெஸ்ட் என்பார்கள். உங்களுடன் சண்டைக்கு வரும் கேரக்டர்கள் கூட்டாளிகள். ஒரு கேமை முடிக்க முப்பது நாற்பது மணி நேரம் சர்வ சாதாரணமாக ஆகிவிடும்.

இந்தக் கேம்களின் விளம்பரங்களில் "உங்கள் முடிவுகள் கதையை மாற்றும்" என்ற வாக்கியம் பெரும்பாலும் இருக்கும். பணமும் நாற்பது மணி நேரமும் செலவழிக்கப் போகும் நமக்கு அது உண்மைதானா என்று தெரிய வேண்டாமா? அதைக் கண்டுபிடிக்கும் முறையை ஒரு கேமை வைத்தே பார்ப்போம். பயோவேர் தயாரித்து, எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் 2011 மார்ச்சில் வெளியிட்ட டிராகன் ஏஜ் 2 தான் அந்தக் கேம். நன்றாகச் செய்த இடமும் சொதப்பிய இடமும் இதில் அடுத்தடுத்து இருப்பதால் பாடத்துக்கு மிகவும் வசதி.

இரண்டு எச்சரிக்கைகள். இது இருண்ட மாயாஜாலக் கதை. ரத்தமும் கொலையும் நிறைய உண்டு. 17 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது என்று தரம் பிரித்திருக்கிறார்கள். எனவே வீட்டில் சிறுவர்கள் இருக்கும்போது ஆட வேண்டாம். அடுத்தது, கதையின் முடிவு வரை இங்கே சொல்லிவிடப் போகிறோம். ஆடிய பிறகு படிக்க விரும்புபவர்கள் பக்கத்தைத் திருப்பிவிடலாம்.

கதை என்ன?

உங்கள் கேரக்டரின் பெயர் ஹாக். போரில் ஊரை இழந்து, தாயோடும் உடன்பிறப்போடும் கிர்க்வால் என்ற நகரத்துக்கு அகதியாக வருகிறார். அங்கே ஏழு ஆண்டுகள் வாழ்ந்து நகரத்தின் நாயகராக உயர்கிறார். இந்தக் கதையை ஹாக்கின் நண்பரான வேரிக் என்ற குள்ளர், தன்னை விசாரிக்கும் ஒரு பெண் அதிகாரியிடம் சொல்வதாக அமைத்திருக்கிறார்கள். உலகத்தைக் காப்பாற்றும் வழக்கமான கதை இல்லை. ஒரு நகரம், ஒரு குடும்பம், அவ்வளவுதான். நல்ல யோசனை.

ஆனால் நகரம் ஏழு ஆண்டுகளில் கொஞ்சமும் மாறுவதில்லை. அதே கடைகள், அதே தெருக்கள்.

குகை ஒன்று, குவெஸ்ட் பல

கேம் வெளியானபோது எல்லோரும் திட்டியது குகைகளைத்தான். ஊருக்கு வெளியே எந்தக் குவெஸ்டுக்குப் போனாலும் அதே குகை. சில குவெஸ்டுகளில் நுழையும் வாசல் வேறு, சிலவற்றில் ஒரு வழியைக் கல் பலகையால் அடைத்திருப்பார்கள். ஓரத்தில் தெரியும் சின்ன மேப்பில் மட்டும் அடைத்த பகுதியும் சேர்த்துத் தெரியும்! கிடங்கும் அப்படித்தான், மாளிகையும் அப்படித்தான். ஒரு எதிரிக் கூட்டத்தை வீழ்த்தியதும் அடுத்த கூட்டம் கூரையிலிருந்து குதிக்கும். எங்கோ கிடக்கும் ஒரு பொருளை எடுத்து, யாரென்றே தெரியாத ஒருவரிடம் கொடுத்தால், ஒரு வரி நன்றியும் கொஞ்சம் காசும் கிடைக்கும். இதற்கும் பெயர் குவெஸ்ட்.

காரணத்தை ஊகிப்பது கடினமில்லை. முதல் கேமான டிராகன் ஏஜ் ஆரிஜின்ஸ் வந்தது 2009 நவம்பரில். 2010 மார்ச்சில் அதன் தொடர்ச்சியாக அவேக்கனிங் வந்தது. அடுத்த ஓராண்டில் இது. இந்த வேகத்தில் ஐம்பது குகைகளை யார் வரைவது?

என்னைக் கேட்டால் குகை சின்னக் குறைதான். மேடை நாடகத்தில் ஒரே திரைச்சீலை நாலு காட்சிக்கு வந்தால் நாம் எழுந்தா போய்விடுகிறோம்? பெரிய குறை வேறு இடத்தில் இருக்கிறது.

உடன்பிறப்பு எங்கே போகிறார்?

முதலில் நன்றாகச் செய்த இடத்தைப் பாருங்கள். ஹாக்கை நீங்கள் மந்திரவாதியாக உருவாக்கினால் தம்பி கார்வர் பிழைப்பார். வீரராகவோ திருடராகவோ உருவாக்கினால் தங்கை பெத்தனி பிழைப்பாள். முதல் பகுதி முழுவதும் ஐம்பது பொற்காசு சேர்த்து, டீப் ரோட்ஸ் என்ற பாதாளச் சுரங்கத்துக்குப் போகும் குழுவில் இடம் பிடிக்க வேண்டும். கிளம்பும்போது அம்மா, "இந்தப் பிள்ளையையாவது விட்டுவிட்டுப் போ" என்று கெஞ்சுகிறாள்.

பெத்தனி மந்திரம் தெரிந்தவள். அவளை விட்டுவிட்டுப் போனால், மந்திரவாதிகளைக் கண்காணிக்கும் டெம்ப்ளர் வீரர்கள் வந்து பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். கார்வரை விட்டுவிட்டுப் போனால் அவரே டெம்ப்ளர் படையில் சேர்ந்துவிடுகிறார். அழைத்துக்கொண்டு போனால் சுரங்கத்தில் கொடிய நோய் தொற்றிக்கொள்கிறது. அந்த நேரத்தில் ஆண்டர்ஸ் என்ற கூட்டாளி உங்களுடன் இருந்தால் கிரே வார்டன் படையிடம் சேர்த்து உயிரைக் காப்பாற்றலாம். இல்லாவிட்டால் மரணம். நீங்கள் யாரைக் கூட்டிக்கொண்டு போனீர்கள் என்ற சாதாரண விஷயம் ஒரு உயிரை முடிவு செய்கிறது. ஆடி முடித்த பிறகும் இந்த இடம் மனதை விட்டுப் போகாது.

கூட்டாளிகள்

கூட்டாளிகளின் மனநிலையைக் காட்ட நட்பு, எதிர்ப்பு என்று இரண்டு முனை உள்ள ஒரு அளவுகோல் உண்டு. உங்களோடு சண்டை போட்டுக்கொண்டே மதிக்கும் நண்பரையும் இதில் காட்ட முடியும். இஸபெல்லா என்ற கப்பல்காரியோடு இந்த அளவு போதுமான உயரம் போயிருந்தால், இரண்டாம் பகுதியின் முடிவில் திருடிய புத்தகத்தோடு ஓடியவள் மனம் மாறித் திரும்பி வருகிறாள். இல்லையென்றால் வரமாட்டாள். நகரக் காவல் தலைவி அவெலின், தனக்குக் கீழ் வேலை செய்யும் டானிக்கிடம் காதலைச் சொல்லத் தெரியாமல் உங்களை நடுவில் இழுத்துவிடும் குவெஸ்டும் இருக்கிறது. சிரிக்காமல் ஆட முடியாது.

இடறும் இடம் எது? அளவுகோலின் நடுவில் நின்றால் எந்தப் பலனும் இல்லை. எனவே ஆடுபவர் தன் மனதில் பட்டதைச் சொல்லாமல், பக்கத்தில் நிற்பவருக்கு எது பிடிக்குமோ (அல்லது பிடிக்காதோ) அதைச் சொல்லத் தொடங்கிவிடுகிறார். முதல் கேமில் முகாமில் உட்கார்ந்து நினைத்தபோதெல்லாம் கூட்டாளிகளோடு பேசலாம். இதில் புதிய விஷயம் இருக்கும்போது மட்டும், அவர்கள் வீட்டுக்கே போய்ப் பேச வேண்டும். மற்ற நேரத்தில் கிளிக் செய்தால் ஒரே ஒரு வரி.

கேட்டுவிட்டுக் காதில் வாங்காத கேள்வி

மூன்றாம் பகுதியில்தான் கதை சரிகிறது. நகரத்தில் இரண்டு அணிகள். மந்திரவாதிகளின் தலைவர் ஆர்சினோ. டெம்ப்ளர்களின் தலைவி மெரிடித். ஆண்டர்ஸ் உங்களிடம் வந்து, தன் உடலில் புகுந்துள்ள ஆவியைப் பிரிக்க மருந்து செய்யப் போவதாகச் சொல்லிச் சில பொருள்களைக் கேட்கிறார். உண்மையில் அது நகரத்தின் பெரிய ஆலயத்தைத் தகர்க்கும் வெடிப்பொருள். சரி, அவர் ஏமாற்றினார் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் நீங்கள் உதவ மறுத்தாலும் ஆலயம் வெடிக்கிறது!

அடுத்து எந்த அணி என்று கேட்கிறார்கள். டெம்ப்ளர் பக்கம் நின்றால் ஆர்சினோவோடு சண்டை, பிறகு மெரிடித்தோடும் சண்டை. மந்திரவாதிகள் பக்கம் நின்று அவர்களுக்காகவே போராடினால்? ஆர்சினோ நம்பிக்கை இழந்து, பிணங்களைச் சேர்த்து ஒரு அரக்கனாக மாறி உங்களையே தாக்குகிறார். பிறகு மெரிடித். வரிசை, எதிரி எல்லாம் அதேதான்.

இங்கே ஒரு சந்தேகம் வரலாம். இரண்டாம் பகுதியில் ஹாக்கின் அம்மாவை ஒரு கொலைகாரன் கொல்கிறான். நீங்கள் எவ்வளவு துப்புத் துலக்கினாலும் அவளைக் காப்பாற்ற முடியாது. அது மட்டும் குறை இல்லையா? இல்லை. அங்கே "அம்மாவைக் காப்பாற்றுகிறாயா?" என்று கேம் உங்களைக் கேட்கவே இல்லை. சோகம் கதையின் பகுதியாக வருகிறது. மூன்றாம் பகுதியிலோ கேள்வி கேட்டு, பதிலையும் வாங்கிக்கொண்டு, அதைக் குப்பைக் கூடையில் போட்டுவிடுகிறார்கள்.

நீங்களே சோதிக்க

எந்த ரோல் பிளேயிங் கேமிலும் பெரிய முடிவு வரும் முன் எஸ்கேப் கீயை அழுத்தி, மெனுவில் சேவ் கொடுங்கள். பழைய சேவ் மேல் எழுதாமல் புதிய இடத்தில் சேமிப்பது முக்கியம். கேம் தானாகச் செய்யும் ஆட்டோ சேவை நம்ப வேண்டாம், அடுத்தடுத்த சேவ்கள் அதை அழித்துவிடும். எந்த சேவ் எந்த முடிவுக்கு முன் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். ஒரு வழியில் ஒரு மணி நேரம் ஆடுங்கள். பிறகு அந்த சேவை லோட் செய்து மறு வழியில் ஆடுங்கள். பேச்சு மட்டும் மாறுகிறதா, அல்லது ஆள், இடம், குவெஸ்ட் மாறுகிறதா என்று கவனியுங்கள்.

இந்தக் கேமில் சோதிக்க வேண்டிய இடங்கள் டீப் ரோட்ஸ் கிளம்பும் முன்பும், கடைசியில் அணி சேரும் முன்பும். முதல் சோதனைக்கு ஒரு மணி நேரம் போதாது. பெத்தனியோ கார்வரோ பின்னால் எப்படி வருகிறார்கள் என்று பார்க்க இரண்டாம் பகுதி வரை போக வேண்டும். சேவ் ஃபைல்கள் எல்லாம் டாகுமெண்ட்ஸ் ஃபோல்டரில் பயோவேர் என்ற ஃபோல்டருக்குள் இருக்கும். விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்யும் முன் அதை அப்படியே பென் டிரைவில் காப்பி செய்துவிடுங்கள்.