கடைசி அணிக்கு முதல் ஆளாகப் போகிறவனுக்கு

தம்பி,

மேடையில் உன் பெயரை முதலாவதாகப் படித்தார்கள். அணியின் தொப்பியை வைத்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டாய். அம்மா அழுதாள். அந்த மகிழ்ச்சியில் ஒரு குறையும் வேண்டாம்; பள்ளிக்கூட நாளிலிருந்து ஓடி ஓடிச் சேர்த்தது அது. ஆனால் உன்னை அந்த மேடைக்குக் கொண்டுவந்த விதியையும் தெரிந்துகொள். அமெரிக்கக் கால்பந்தின் என்.எஃப்.எல். போட்டியில் 1936இல் தொடங்கியது இந்த ஆள் எடுக்கும் முறை. போன பருவத்தில் எல்லோரையும்விட மோசமாகத் தோற்ற அணிக்கே முதல் ஆளை எடுக்கும் உரிமை. அணிகளுக்குள் ஏற்றத்தாழ்வு குறைய வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் வைத்ததுதான். அதன் பாரம் மட்டும் 22 வயதுப் பையனின் தோளில் இறங்குகிறது. உரிமையாளர் ஒன்று சொல்ல, மேலாளர் ஒன்று சொல்ல, பயிற்சியாளர் வேறொன்று சொல்ல, ஆளுக்கு ஆள் நாட்டாமை செய்யும் இடத்தில் நீ குவார்ட்டர்பேக், பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்துகிறவன். உன்னைப் போன்ற பிள்ளைகள் வந்ததையும் போனதையும் நெடுங்காலம் பார்த்தவன் என்ற உரிமையில் சிலது சொல்கிறேன்.

1. அணியின் தோல்வியைக் கொண்டு உன்னை அளக்காதே. 2016இல் ஜாரெட் காஃப் முதல் ஆளாக லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸுக்குப் போனான். அந்த ஆண்டு அவன் களமிறங்கித் தொடங்கிய ஏழு ஆட்டங்களும் தோல்வி. இவன் தேறமாட்டான் என்று பலர் முடிவுகட்டினார்கள். அடுத்த ஆண்டு ஷான் மெக்வே என்ற இளம் பயிற்சியாளர் வந்தார். அதே பையன், அதே கை. அணி 11 ஆட்டங்களை வென்றது; அதற்கடுத்த பருவத்தில் சூப்பர் பவுல் என்ற இறுதி ஆட்டம் வரை போனது. இதைக் கேட்டதும் உனக்கு ஆறுதலாக இருக்கும். அந்த ஆறுதலோடு நின்றுவிடாதே. எல்லாம் நிர்வாகத்தின் குற்றம் என்று சொல்லிப் பழகியவன் தன் பிழையைத் தேடுவதை விட்டுவிடுகிறான். திங்கட்கிழமை ஆட்டப் பதிவைப் போட்டுப் பார்க்கும்போது ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி, இதில் என் பங்கு எவ்வளவு என்று கேள். கால் பங்கு என்றால் கால் பங்கு. அதைத் திருத்து.

2. உன் தலைக்கவசத்துக்குள் ஒரு சின்ன வானொலி இருக்கிறது. அடுத்த நகர்வைத் தொடங்கப் பெரும்பாலும் 40 விநாடிக் கடிகாரம் ஓடும். அதில் 15 விநாடி மிச்சம் இருக்கும்போது பயிற்சியாளரின் குரல் அறுந்துவிடும். அதன்பிறகு எதிரே நிற்பவர்களைப் படிப்பது, திட்டம் சரிப்படாது என்று தெரிந்தால் மாற்றிக் கூவுவது, பந்தைக் கேட்டு வாங்குவது எல்லாம் நீ. நிர்வாகத்தில் எத்தனை குழப்பம் இருந்தாலும் அந்த 15 விநாடிக்குள் எவரும் நுழைய முடியாது. வாரம் முழுக்க நீ செய்யும் வேலை அந்தச் சிறு இடைவெளிக்காகத்தான். எதிரணியின் பழைய ஆட்டங்களை யாரும் கேட்காமலே உட்கார்ந்து பார். உனக்குச் சொல்லித்தர வேண்டியவர் சொல்லித்தராமல் போகலாம். அப்போது கற்றுக்கொள்ளும் கடமை முழுதும் உன்னுடையதாகிறது. இது அநியாயம்தான். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பந்து உன் கைக்குத்தான் வரும்.

3. அடி வாங்கினால் கண் கீழே இறங்கும். இதற்கு மட்டும் மிகவும் பயப்படு. 2002இல் ஹூஸ்டனில் டெக்ஸன்ஸ் என்ற புத்தம் புதிய அணி பிறந்தது. முதல் ஆளாக டேவிட் காரை எடுத்தார்கள். தங்கள் வரலாற்றின் முதல் ஆட்டத்திலேயே டாலஸ் கவ்பாய்ஸை வென்றார்கள், ஊரே கொண்டாடியது. ஆனால் அவருக்கு முன்னால் அரணாக நிற்க வேண்டிய வரிசை பெயருக்குத்தான் இருந்தது. அந்த ஒரு பருவத்தில் பந்தைக் கையில் வைத்திருக்கும்போதே அவர் 76 முறை வீழ்த்தப்பட்டார். என்.எஃப்.எல். வரலாற்றில் எவருக்கும் ஒரே பருவத்தில் அத்தனை அடி விழுந்ததில்லை. 2005இல் மறுபடி 68. ஐந்து ஆண்டுகள் முடிந்ததும் அனுப்பிவிட்டார்கள். நல்ல கை அவருக்கு, நல்ல மனம்.

இப்படி அடிபடுகிறவனுக்கு எலும்பைவிட முன்னால் பழக்கம் முறிகிறது. தூரத்தில் ஓடும் தன் ஆளைப் பார்க்க வேண்டிய கண், தன்னை நோக்கி வருகிறவனைப் பார்க்கத் தொடங்கும். பாதம் ஊன்ற வேண்டிய இடத்தில் பதறும். பிறகு நல்ல அரண் கிடைத்தாலும் அந்தப் பதற்றம் போகாது. ஆகவே பயிற்சி நாளில், யாரும் உன்னைத் தொடாத நேரத்தில், பாதத்தையும் கண்ணையும் முதலிலிருந்து பழக்கு. சிறுபிள்ளை வேலை என்று எண்ணாதே. தோற்றுக்கொண்டே இருக்கும் அணியில் இந்த இரண்டும் கெடாமல் நாலு வருஷம் தாண்டுகிறவனுக்கு அடுத்த இடத்தில் வாழ்வு இருக்கிறது.

4. அரண் வரிசையில் நிற்கும் ஐந்து பேரையும் உறவாக்கிக்கொள். அவர்கள் எண்ணை நடுவர் ஒலிபெருக்கியில் அறிவிப்பது பெரும்பாலும் அவர்கள் தவறு செய்யும்போதுதான். நீ வீழ்ந்தால் அரங்கம் அவர்களைத் திட்டும். நீ ஜெயித்தால் உன்னைத் தூக்கிக் கொண்டாடும். வீழ்ந்து எழும்போது முதலில் எவன் கை நீட்டுகிறானோ அந்தக் கையைப் பிடித்து எழு. யார் விட்டுவிட்டது என்று திரும்பிப் பார்க்காதே. அந்த ஒரு பார்வையைக் கேமராவும் பிடிக்கும், அவனும் மறக்கமாட்டான்.

5. சுவர் இருந்தால்தான் சித்திரம். ஆண்ட்ரூ லக் 2012இல் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸுக்கு முதல் ஆளாக வந்தவர். முதல் மூன்று ஆண்டும் அணிக்கு 11 வெற்றி வாங்கித் தந்தார். அவரைக் காக்கும் வரிசையை மட்டும் வெகுநாள் சரியாகக் கட்டவில்லை. 2015இல் சிறுநீரகம் கிழிந்தது. தோள்பட்டை சிகிச்சையால் 2017 பருவம் முழுவதும் வெளியே. 2018இல் நல்ல அரண் அமைந்தது, அவரும் அற்புதமாகத் திரும்பி வந்தார். ஆனால் வலி, சிகிச்சை, மறுபடி வலி என்று சுற்றிச் சுற்றி வந்ததில் ஆட்டத்தின் மகிழ்ச்சியே அவருக்குள் வற்றிப்போயிருந்தது. 2019 ஆகஸ்டில், 29 வயதில், ஓய்வை அறிவித்தார். செய்தி கசிந்த அன்று அரங்கத்தை விட்டு நடந்தவரை அந்த ஊர் ரசிகர்களே கூச்சலிட்டு அனுப்பினார்கள். அதைப் பார்த்து என் நெஞ்சு கொதித்தது, இன்றும் ஆறவில்லை.

உனக்குச் சொல்வது இதுதான். ஓடும்போது காலை முன்நீட்டிச் சறுக்கி உட்காரக் கற்றுக்கொள். வழியில்லாதபோது பந்தை வெளியே எறிந்துவிடு. தலையில் அடிபட்டுக் கண் மங்கினால் மருத்துவரிடம் உண்மையைச் சொல். வலியை மறைத்து ஆடுவதை வீரம் என்று உன்னைத் தட்டிக்கொடுக்கிறவர் எவரும் உன் நாற்பதாவது வயதில் உன் மூட்டைத் தடவிவிட வரமாட்டார்கள்.

6. தோற்ற பிறகு ஒலிவாங்கி முன் உட்காரவைப்பார்கள். அங்கே யார் பெயரையும் சொல்லிக் குறைகூறாதே. உள்ளே, உன் பயிற்சியாளரிடம் மட்டும், எதையும் மறைக்காதே. 2019 அக்டோபரில் நியூயார்க் ஜெட்ஸின் சாம் டார்னால்ட் பேட்ரியட்ஸிடம் 33க்கு 0 என்று தோற்ற இரவில் எறிந்த பந்தை நான்கு முறை எதிரணியிடம் பறிகொடுத்தான். ஓரத்தில் உட்கார்ந்து, கண்ணுக்குப் பேய்கள் தெரிகின்றன என்று சொன்னான். இல்லாத ஆள் பாய்ந்து வருவதுபோல் தோன்றுகிறது என்று பொருள். சட்டையில் மாட்டியிருந்த ஒலிவாங்கி வழியாக அது நாடு முழுக்கப் போய்விட்டது. ஆண்டுக்கணக்கில் அவனைப் பரிகசித்தார்கள். என்னைக் கேட்டால் அந்தப் பிள்ளை பேசியதில் ஒரு பிசகும் இல்லை. தனக்கு என்ன நேர்கிறது என்று சரியான ஆளிடம் சரியாகச் சொன்னான். அதை ஒளிபரப்பியதுதான் தப்பு. பல அணி மாறி, 2024இல் மினசோட்டா வைக்கிங்ஸில் அவன் 14 வெற்றி கொடுத்தபோது, பேய் தெரிந்ததை ஒப்புக்கொண்டவனால்தான் அதைத் தாண்டவும் முடிந்தது என்று எனக்குத் தோன்றியது.

7. பயிற்சியாளர்கள் மாறுவார்கள். ஒவ்வொருவரும் புது ஆட்டத்திட்டப் புத்தகம், புதுப் பெயர்கள், புதுக் கணக்கு கொண்டுவருவார்கள். 2005இல் சான் ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸ் முதல் ஆளாக எடுத்த அலெக்ஸ் ஸ்மித்துக்கு முதல் மூன்று பருவத்தில் தாக்குதல் ஆட்டம் சொல்லித்தர மூன்று பேர். கற்றதை மறந்து மறந்து கற்க வேண்டியிருந்தது. முதல் பருவத்தில் அவர் எறிந்து எல்லைக்குள் சேர்த்த டச்டவுன் ஒன்று; எதிரணி பறித்தவை பதினொன்று. மனிதர் முகம் சுளிக்காமல் அடுத்த புத்தகத்தைத் திறந்தார். 2011இல் ஜிம் ஹார்பா வந்து ஆட்டத்தைச் சீராக்கியபோது அணி 13 வெற்றி கண்டது. புதிதாக வருகிறவரிடம் பழையவரைப் பற்றிப் புறம் பேசாதே. எவரிடமும் எடுத்துக்கொள்ள ஒன்றாவது இருக்கும். அதை மட்டும் உன் குறிப்பேட்டில் எழுதிக்கொள்.

8. உட்காரவைத்தால் உட்கார். ஸ்டீவ் யங் 1985, 86 இரண்டு பருவமும் டாம்பா பேயில் பட்ட பாடு பெரிது. அணி இரண்டு ஆண்டும் இரண்டிரண்டு ஆட்டந்தான் ஜெயித்தது. பிறகு சான் ஃபிரான்சிஸ்கோவுக்குக் கைமாற்றினார்கள். அங்கே ஜோ மொன்டானாவுக்குப் பின்னால் நான்கு ஆண்டு காத்திருப்பு. அந்த இருக்கையில் அவர் சும்மா உட்காரவில்லை. 1995 ஜனவரியில் ஒரே சூப்பர் பவுலில் ஆறு டச்டவுன் எறிந்தார். உன் அணியில் வயதான மாற்று ஆள் ஒருவர் இருப்பார். அவர் பக்கத்தில் போய் உட்கார்.

9. விட்டுப் போகலாமா என்று கேட்பாய். வாசலிலேயே மறுத்தவர்கள் உண்டு. 1983இல் ஜான் எல்வே பால்டிமோருக்கு வரமாட்டேன் என்றார். 2004இல் ஈலை மானிங் சான் டியேகோவுக்கு. இருவரையும் திட்டினார்கள். இருவரும் வேறு ஊரில் கோப்பை வென்றார்கள். அதில் பாவம் ஒன்றும் இல்லை என்பதே என் எண்ணம். ஆனால் கையெழுத்துப் போட்டு உள்ளே வந்தபின் பாதி மனதோடு ஆடுவது பாவம். உன்னோடு ஆடுகிறவர்களில் பலருக்கு ஒப்பந்தம் ஒரு பருவத்துக்குக்கூட உறுதியில்லை. உன் அலட்சியத்தில் அவர்கள் வீட்டு அடுப்பு அணையும். உன் முதல் ஒப்பந்தம் நான்கு ஆண்டு; ஐந்தாவதை நீட்டும் உரிமை அணிக்கு. அதுவரை முழு மனதோடு ஆடு.

அவர்களே அனுப்பினால் தலை குனியாதே. 2022இல் பேக்கர் மேஃபீல்டைக் கிளீவ்லாந்து கரோலினாவுக்குக் கைமாற்றியது, அங்கும் டிசம்பரில் விடுவித்தார்கள். ராம்ஸ் எடுத்துக்கொண்டது. ஊர் வந்து இரண்டே நாளில், பாதிப் புத்தகம்கூடப் படித்திருக்க முடியாத நிலையில், ஆட்டத்தின் கடைசியில் 98 கெஜம் பந்தை நகர்த்தி 17க்கு 16 என்று ஜெயித்துக் கொடுத்தான். இத்தனை வருஷம் பார்த்ததில் எனக்கு மிகவும் பிடித்த இரவுகளில் அது ஒன்று.

10. எல்லோருக்கும் இப்படி விடியாது. அதையும் சொல்லாவிட்டால் நான் உனக்குப் பெரியவன் இல்லை. ஈலையின் தகப்பனார் ஆர்ச்சி மானிங் 1971இல் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸுக்கு வந்தார். அங்கே இருந்த காலத்தில் தோல்வியைவிட வெற்றி கூடுதலாக ஒரு பருவம்கூட அமையவில்லை. 1980இல் ஒரே ஒரு வெற்றி, பதினைந்து தோல்வி. ரசிகர்கள் தலையில் காகிதப் பையை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். அந்தப் பைகளுக்கு முன்னாலும் அவர் தன் ஆட்டத்தை ஆடினார். கோப்பை அவர் கைக்கு வரவே இல்லை. ஆனாலும் அந்த ஊரை விட்டுக்கொடுத்து அவர் பேசியதில்லை, ஊரும் அவரைக் கைவிடவில்லை. முன்னே சொன்ன டேவிட் காருக்குக் கோப்பை வென்றவர்களின் மோதிரம் கிடைத்தது 2012இல். நியூயார்க் ஜயன்ட்ஸில், அதே ஈலைக்கு மாற்று ஆளாக.

11. ஒருநாள் உன் இடத்துக்கு இன்னொரு பையன் வருவான். 2017இல் கான்சஸ் சிட்டியில் அலெக்ஸ் ஸ்மித் தன் வாழ்நாளின் மிகச் சிறந்த ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்தார். அந்த ஆண்டுதான் அணி பேட்ரிக் மஹோம்ஸை எடுத்திருந்தது. இவன் தன் வேலைக்கு வந்தவன் என்று அவருக்குத் தெரியும். ஒரு வாரத்துக்கு எப்படித் தயாராவது, எந்த நாளில் எதைப் பார்ப்பது என்று எல்லாவற்றையும் அவன் பக்கத்திலிருந்து கற்கவிட்டார். மஹோம்ஸ் அதைப் பலமுறை நன்றியோடு சொல்லியிருக்கிறான். உன்னிடம் வரும் பையனும் பயந்துபோய்த்தான் வருவான், கடைசி அணிக்கு முதல் ஆளாக. அவனை முதல்நாளே அரண் வரிசை ஐந்து பேரிடம் அழைத்துப் போய் அறிமுகப்படுத்து. குறிப்பேட்டைக் கொடு.