பெருமூளை வாதம் அறிவோம்

2016ஆம் ஆண்டு, ரியோ டி ஜெனிரோ நகரில் மாற்றுத்திறனாளிகளுக்கான பாராலிம்பிக் போட்டிகள் நடைபெற்றன. அதில் மலேசிய வீரர் முகமட் ரிட்சுவான் முகமட் பூசி 100 மீட்டர் ஓட்டத்தை 12.07 விநாடிகளில் ஓடி முடித்து முதலிடம் பெற்றார். பாராலிம்பிக் போட்டிகளில் மலேசியா வென்ற முதல் தங்கப் பதக்கம் அதுவே. அவருக்குப் பெருமூளை வாதம் உண்டு. அப்படியென்றால் என்ன?

நாம் பேனாவை எடுக்க நினைத்தவுடன் கை நீள்கிறது. எந்தத் தசை சுருங்க வேண்டும், எது தளர வேண்டும் என்று மூளை நரம்புகளின் வழியே கட்டளை அனுப்புவதால்தான் இது நிகழ்கிறது. வளரும் பருவத்தில் மூளையின் இந்தப் பகுதிகள் பாதிக்கப்பட்டால் அசைவும் உடல் நிலைப்பாடும் தடுமாறும். இதுவே பெருமூளை வாதம். இது தொற்றுநோய் அன்று. மூளையில் ஏற்பட்ட பாதிப்பும் நாளடைவில் பெருகுவதில்லை.

1861ஆம் ஆண்டு லண்டன் மருத்துவர் வில்லியம் ஜான் லிட்டில், கடினமான பிரசவமே இதற்குக் காரணம் என விளக்கினார். ஆனால், பெரும்பாலோருக்குப் பிறப்பதற்கு முன்பே பாதிப்பு ஏற்பட்டுவிடுகிறது என்பதை இன்று அறிவோம். குறைமாதப் பிறப்பு, மிகக் குறைந்த எடை, கருவுற்ற தாய்க்கு வரும் ருபெல்லா போன்ற தொற்று, பிரசவத்தின்போது பிராணவாயு தடைப்படுதல், பிறந்த குழந்தைக்கு வரும் கடுமையான மஞ்சள்காமாலை, மூளைக்காய்ச்சல், தலைக்காயம் ஆகியன காரணங்களாகலாம். சிலருக்குக் காரணமே தெரிவதில்லை. ஆகவே, பெற்றோரின் தவறு என்றோ முன்வினைப் பயன் என்றோ பேசுவது அறியாமையாகும்.

ஓர் இரத்தப் பரிசோதனையால் மட்டும் இதைக் கண்டறிய முடியாது. குழந்தை உரிய காலத்தில் தலையை நிமிர்த்துகிறதா, உட்காருகிறதா, தவழ்கிறதா என்று மருத்துவர் கவனிப்பார். ஒரு வயதுக்கு முன்பே ஒரே கையை மட்டும் பயன்படுத்தினால், அதுவும் ஓர் அறிகுறியாக இருக்கலாம். எம்.ஆர்.ஐ. படம் மூளையின் பாதிப்பைக் காட்ட உதவும். இளம் மூளை புதியன கற்கும் ஆற்றல் மிக்கது. எனவே, விரைவில் கண்டறிந்து பயிற்சிகளைத் தொடங்குவது நன்மை தரும்.

பெருமூளை வாதத்தில் முக்கியமாக மூன்று வகைகள் உள்ளன. முதல் வகையில் தசைகள் விறைத்து இறுகிவிடும். பாதிக்கப்பட்டோரில் பத்துப் பேருக்கு ஏறக்குறைய எட்டுப் பேர் இவ்வகையினர். இரண்டாம் வகையில் கை, கால், முகம் ஆகியவை விருப்பமின்றித் தாமாகவே அசையும். மூன்றாம் வகையில் உடல் சமநிலை குன்றி நடை தள்ளாடும். எழுதுவது போன்ற நுட்பமான செயல்கள் கடினமாகும். ஒருவருக்கே ஒன்றுக்கு மேற்பட்ட வகைகள் கலந்தும் வரலாம்.

இவர்களுள் சிலருக்குக் கற்றல் சிரமமும் இருக்கும். பலருக்கோ அறிவாற்றலில் எக்குறையும் இராது. நாக்கு, உதடு ஆகியவற்றின் தசைகள் ஒத்துழைக்காதபோது பேச்சுக் குழறுகிறது. அதைக் கேட்பவர், “இவருக்கு ஒன்றும் புரியாது” என்று முடிவுசெய்துவிடுகிறார். சிலர் படப் பலகையைச் சுட்டியும், கண்ணசைவால் இயங்கும் கணினியைக் கொண்டும் தம் கருத்தைத் தெரிவிக்கின்றனர்.

உங்கள் வகுப்பில் இத்தகைய நண்பர் ஒருவர் இருக்கலாம். அவரிடம் கேட்க வேண்டியதை அருகில் நிற்பவரிடம் கேட்காதீர்கள். உதவி தேவையா என்று கேட்ட பின்னரே உதவுங்கள். அவர் பேசத் தொடங்கினால், வாக்கியத்தை நீங்கள் முடித்துவைக்க வேண்டாம். சற்றுக் காத்திருங்கள். சொல்ல வேண்டியது அவர் மனத்தில் ஏற்கெனவே இருக்கிறது. அதைச் சொல்வதற்கான நேரம்தான் அவருக்குத் தேவை.