எருக்கும் கருவண்டும்

பெங்களூரில் மலர் என்றதும் லால்பாக் கண்காட்சியை எண்ணுவோம். நான் கூற வந்ததோ வேலியோரத்து எருக்கைப் பற்றி. கன்னடத்தார் இதனை எக்க என்பர். விநாயகருக்கு மாலை கட்டவும், ரத சப்தமியன்று இலையைத் தலைமேல் வைத்து நீராடவும் தேடிப் பறிக்கிறோம். வீட்டில் வளர்க்க மட்டும் ஒப்பமாட்டோம். எருக்கம்பூவையும் கடவுளர் மறுப்பதில்லை என்று கபிலர் புறநானூற்றில் (106) பாடியுள்ளார், மறுப்பவர் மனிதரே.

எருக்கம்பூவின் நடுவே ஐங்கோண மகுடம் ஒன்று உண்டு. இதன் மகரந்தம் பொடியாக உதிர்வதில்லை. மெழுகு போல் திரண்டு, இரண்டிரண்டாக ஒரு சிறு கொக்கியில் தொங்கும். மகுடத்தின் பக்கங்களிலுள்ள பிளவில் வண்டின் கால் வழுகி நுழைய வேண்டும். அதை இழுத்தெடுக்கையில் கொக்கியும் உடன் வரவேண்டும். அடுத்த பூவின் பிளவில் அத்திரள் செருகினால்தான் காய். இதற்கு நல்ல வலு வேண்டும். மரத்தைத் துளைத்து வாழும் பெரிய கருவண்டே இவ்வேலைக்கு ஏற்றது. ஆதலால் எருக்கு நடுவோர் பட்ட மரத்துண்டோ மூங்கிலோ ஒன்றை அருகில் விட்டுவைத்தல் நலம்.

வீட்டின் பின்புறம் நான் நடப் போனபோது வீட்டுக்கார அம்மாள், "எக்கத கிட பேடப்பா, மகு ஓடாடுத்தே" என்றார். மூடநம்பிக்கை என்று நினைத்தேன், தவறு என்னுடையதே. எருக்கம்பால் கண்ணில் பட்டால் பெரும்பாலும் வலி இராது. சில மணி நேரங்கழித்துப் பார்வை மங்கும். வலியின்மையால் கழுவாமல் விடுவோரும் உண்டு. பட்டவுடன் நிறைய நீரால் கழுவி மருத்துவரிடம் ஓடவேண்டும். எனவே குழந்தை எட்டாத மதில் மூலையைத் தேர்ந்தேன்.

முற்றிய கிளையில் ஒரு முழம் வெட்டி, பால் வடிந்து உலரும்வரை நிழலில் வைத்து நட்டேன். நல்ல வெயிலும், நீர் தேங்காத மண்ணும் போதும். அன்றாடம் நீர் ஊற்றினால் வேர் அழுகும். மஞ்சள் அசுவினி ஒட்டும், மருந்து தெளிக்கலாகாது. தெளித்தால் வண்டும் இல்லை, புழுவும் இல்லை.

பூ இன்னும் வரவில்லை. முதலில் வந்தது புழுதான். கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாக வரியோடியது. வெந்தய வரியன் என்னும் பட்டாம்பூச்சியின் குஞ்சு. எருக்கம்பாலின் நஞ்சை உடலில் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் இதனைத் தின்னத் தயங்கும். அம்மாள் தயங்கவில்லை, துடைப்பத்தோடு வந்தார். பட்டாம்பூச்சியாகும் என்று கெஞ்சினேன். ஒரு வாரம் தவணை கிடைத்தது. கூட்டுப்புழுவாகிச் சிறகு விரிக்க இரண்டு வாரமாவது செல்லும். அதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.