தொண்டைப் புண்ணும் இதயமும்

குறிஞ்சிப்பாடி நெசவாளர் வீடாயினும், சிதம்பரத்து வயல்களிடையே வாழும் உழவர் வீடாயினும், குழந்தைக்குத் தொண்டை வலி என்றால் உப்பு நீரில் கொப்பளிக்கச் செய்து, மிளகுக் கஷாயம் கொடுத்து, இரண்டு நாள் பொறுத்துப் பார்ப்பது நம் வழக்கம். பெரும்பாலும் அதுவே போதும். ஆனால் ஒருவகைத் தொண்டைப் புண் அவ்வாறு விடத்தக்கதன்று. அது தொண்டையில் தொடங்கி இதயத்தில் முடியக்கூடியது. அதனைப் பற்றி அங்கத்தினர் அனைவரும் அறிதல் நலம்.

கிருமியும் அடையாளமும்

மணிகளைக் கோத்த மாலைபோல் வரிசையாகக் காணப்படும் இக்கிருமிக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று பெயர். வியன்னா நகரத்து டாக்டர் பில்ராத் 1874-இல் இப்பெயரை இட்டார். நோயாளியின் இருமல், தும்மல், எச்சில் வழியே இது பரவும். ஒரே அறையில் பலர் படுத்துறங்கும் வீடுகளில் எளிதில் தொற்றும். 5 முதல் 15 வயதுச் சிறுவர்களையே மிகுதியும் பற்றும்.

சளியும் இருமலும் மூக்கொழுகலும் சேர்ந்து வந்தால் அது பெரும்பாலும் சாதாரண வைரஸ் நோயே. அதற்குப் பெனிசிலின் பயன்படாது. இருமல் இல்லாமல் திடீரெனக் காய்ச்சல், விழுங்குகையில் கடும் வலி, உள்நாக்கின் இருபுறமும் சிவந்த வீக்கம், அதன்மேல் வெண்படலம், கழுத்தில் தொட்டால் வலிக்கும் நெறி ஆகியவை காணப்பட்டால் டாக்டரிடம் காட்ட வேண்டும். தொண்டையில் பஞ்சு தடவிச் சோதித்தால் உண்மை புலப்படும்.

பின்விளைவுகள்

தொண்டை ஆறிய இரண்டு மூன்று வாரங்களுக்குப் பின் சில குழந்தைகளுக்கு வாதக் காய்ச்சல் வருகிறது. கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கிய படையே, கிருமியின் சாயல் இருப்பதால் மயங்கி, சொந்த உறுப்புகளைத் தாக்குகிறது. முழங்கால், கணுக்கால் என வலி மூட்டு மாறி ஓடும். மூட்டு வலி தடயமின்றி நீங்கிவிடும். இதய வால்வுகளில் விழுந்த தழும்போ நீங்குவதில்லை. பல ஆண்டு கழித்துத் தறி மிதிக்கையிலோ, நாற்று நடுகையிலோ மூச்சு வாங்கும்போதுதான் அது தெரியவரும். பெண்களுக்குக் கருவுற்ற காலத்தில் பேராபத்தாகும்.

சிலருக்குச் சிறுநீரகம் வீங்கும். முகம் அதைத்து, சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போகும். இக்கிருமியால் வரும் தோற்புண்ணாலும் இது நேரலாம். பெரும்பாலான குழந்தைகள் குணமடைவர். எனினும் டாக்டரின் கண்காணிப்பு அவசியம்.

செய்ய வேண்டுவன

நோய் கண்ட 9 நாட்களுக்குள் பெனிசிலின் வகை மருந்தைத் தொடங்கினால் வாதக் காய்ச்சலைத் தடுக்கலாம். மாத்திரையாயின் 10 நாட்கள் முழுவதும் கொடுக்க வேண்டும். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டுவிடும். அங்கேதான் பெற்றோர் தவறுகின்றனர். பாவில் அறுந்த இழையை உடனே முடிபவர், குழந்தையின் மருந்தைப் பாதியில் நிறுத்தலாமா? மீதி மாத்திரைகளின் விலை அற்பம். வால்வு அறுவைச் சிகிச்சையின் சுமையோ குடும்பத்தையே சாய்க்கும்.

ஒருமுறை வாதக் காய்ச்சல் கண்டவருக்கு மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சத்தீன் பெனிசிலின் ஊசி பல ஆண்டுகள் தேவை. பெனிசிலின் ஒவ்வாதவர் அதனை முன்னரே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையும், அண்ணாமலை நகரில் 1985-இல் தொடங்கி இன்று அரசின் பொறுப்பிலுள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் நமக்கு அண்மையிலேயே உள்ளன.

வினாக்கள்

1. எவ்வகைத் தொண்டை வலிக்குப் பெனிசிலின் பயன்படாது?
2. காய்ச்சல் நின்ற பின்னும் மருந்தைத் தொடர்வது ஏன்?
3. மூட்டு வலி ஓடித்திரியும் குழந்தையின் பெற்றோரிடம் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது யாது?