பட்டா ரூட் பெயரில்

கேள்வி: ஐயா, ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் செக்ரோல் எழுதுகிறேன். பழம் பறிப்பவர்களின் பெயர்களைப் பைத்தானில் வரிசைப்படுத்தினால் கமலாவுக்கு முன் கனகா வருகிறார். ஜெயா சரசுவை அடுத்து நிற்கிறார். ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் பேக்கேஜைப் போட்டால் சரியாகும் என்றார்கள். லேப்டாப்பில் உபுண்டு 18.04. முதலில் பிப்பை அப்கிரேடு செய்தால் ‘எர்னோ 13, பெர்மிஷன் டினைடு’ என்கிறது. பக்கத்தில் என் ஹோமுக்குள் இருக்கும் டாட்-லோக்கலின் பாதை. முன்பு ஒருமுறை, நண்பர் சொல்லி, சூடோவையும் ‘யூசர்’ ஆப்ஷனையும் சேர்த்துப் போட்டேன். இப்போது என்ன செய்வது?
— ஒரு வாசகர், ஏற்காடு

பதில்: பாதையையும் எழுதி அனுப்பினீர்களே, பாதி வேலை அதிலேயே முடிந்தது. பலரும் ‘டினைடு’ என்ற சொல்லோடு நின்றுவிடுகிறார்கள். பாதை யூஎஸ்ஆர் என்று தொடங்கினால் அது சிஸ்டத்தின் சொத்து. உங்களுடையதோ ஹோமுக்குள் இருக்கிறது. சொந்த வீட்டிலேயே நுழைய முடியவில்லை என்றால், பட்டா வேறு பெயருக்கு மாறிவிட்டது என்று அர்த்தம்.

மாற்றியது அந்த சூடோதான். உபுண்டு 19.10-க்கு முந்தைய பதிப்புகளில் சூடோ போட்டாலும் ஹோம் உங்களுடையதாகவே இருக்கும். எழுதுகிற ஆள் மட்டும் ரூட். பிப் உங்கள் டாட்-லோக்கலுக்குள் போட்டதெல்லாம் ரூட் பெயரில் பதிவாகிவிட்டது. ஹோமில் நின்று ‘எல்எஸ் -எல்ஏ’ தட்டுங்கள். டாட்-லோக்கல் வரியில், மூன்றாவதாக உங்கள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘ரூட்’ என்றிருக்கும். அங்கே உங்கள் பெயரே இருந்தால், அதற்குள் உள்ள ஃபோல்டர்களிலும் இதே போல் பாருங்கள்.

அதை உங்கள் பெயருக்கு மாற்ற, ஒரே ஒரு முறை சூடோ வேண்டும். சி, எச், ஓ, டபிள்யூ, என் என்ற ஐந்தெழுத்துக் கட்டளையைப் பெரிய ‘ஆர்’ ஆப்ஷனோடு, டாட்-லோக்கலுக்கும் டாட்-கேஷில் உள்ள பிப் ஃபோல்டருக்கும் மட்டும் கொடுங்கள். யூஎஸ்ஆர் பக்கம் கையே வைக்காதீர்கள். அங்கே கொடுத்தால் சூடோவுக்கே அதன் அதிகாரம் போய்விடும். பிறகு சூடோவைக் கொண்டு அதைத் திருத்தவும் முடியாது. 2018 பிப்ரவரியில் என்பிஎம் 5.7.0-இல் இருந்த ஒரு பிழை, சூடோவோடு ஓட்டியவர்களின் சிஸ்டம் ஃபோல்டர்களை இப்படித்தான் பெயர் மாற்றியது. பல சர்வர்கள் படுத்தன, அவசரமாக 5.7.1 விட்டார்கள். எல்லோருக்கும் எல்லா அனுமதியும் தரும் 777-ஐப் போடு என்று யாராவது சொன்னால், தயவுசெய்து கேட்காதீர்கள்.

இனி பிப்பை சிஸ்டத்திலேயே அப்கிரேடு செய்யத் தேவையில்லை. ஏபிடியில் ‘பைத்தான்3-வென்வ்’ பேக்கேஜைப் போட்டு, செக்ரோலுக்கென்று ஒரு தனி என்விரான்மென்ட் உண்டாக்குங்கள். அதற்குள் எல்லாம் உங்கள் பெயரில் இருப்பதால், அங்கே பிப்பை அப்கிரேடு செய்ய யாருடைய அனுமதியும் வேண்டாம். ‘பிப்’ என்று நேராகக் கூப்பிடாமல் ‘பைத்தான் -எம் பிப்’ என்று தொடங்கினால், எந்தப் பைத்தானின் பிப் என்ற குழப்பமும் வராது. 18.04-இன் பைத்தான் 3.6-இல் அப்கிரேடு 21.3.1-ஓடு நின்றுவிடும். அது பிழையல்ல, அடுத்த பதிப்புகள் 3.6-ஐ ஏற்பதில்லை. நாளை புது லேப்டாப் வாங்கினாலும் இந்தப் பழக்கம் உதவும்: 2023-இல் வந்த டெபியன் 12, உபுண்டு 23.04 முதல், சிஸ்டம் பைத்தானுக்குள் பிப் போடப் போனாலே மறுத்துவிடுகிறார்கள்.

உங்கள் பட்டியலில் பிசகு எதுவும் இல்லை. யூனிகோடில் ‘ன’ ‘ம’வுக்கு முன்னாலும் ‘ஜ’ ‘ச’வை அடுத்தும் எண் பெற்றிருக்கின்றன, பைத்தான் அந்த எண்ணைத்தான் பார்க்கிறது. புது என்விரான்மென்டுக்குள் ஓப்பன்-தமிழைப் போட்டு, அதன் ஒப்பீட்டைக் கொண்டு வரிசைப்படுத்திப் பாருங்கள். கனகாவுக்கு முன்னால் கமலா வந்துவிடுவார்.